டி.கே.எம். 6: திரூரிலிருந்து கடல் கடந்த நெல்

டி.கே.எம். 6 என்ற நெல்லை இன்று விதைக் கடையில் கேட்டால் கிடைக்காது. அதை வயலில் பார்த்து வளர்ந்த தலைமுறையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் ஐ.ஆர். 20 சோறு சாப்பிட்ட ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அந்த நெல்லின் பிள்ளையைத்தான் சாப்பிட்டது. ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 என்று ஆசியா முழுக்கப் பரவிய நெல்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனாலும், வழிகளில் ஒன்று திருவள்ளூர் பக்கம் திரூர்க்குப்பத்தில் உள்ள அரசு ஆராய்ச்சிப் பண்ணையில்தான் வந்து முடியும். ஒரு சிற்றூர்ப் பண்ணையில் பிறந்த நெல் எப்படி இத்தனை தூரம் போனது, போன இடத்தில் என்ன செய்தது, எந்த உருவில் திரும்பி வந்தது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

பிறந்த வீடு

சென்னை மாகாணத்தில் நெல்லுக்கென்று முதலில் அமைந்தது கோயம்புத்தூர் நெல் இனப்பெருக்க நிலையம். ஆண்டு 1912. ஒரே இடத்தில் உட்கார்ந்து மாகாணம் முழுவதற்கும் நெல் கண்டுபிடிக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. காவிரிப் படுகையின் களிமண்ணுக்கு ஏற்ற நெல் தாமிரபரணிக் கரைக்கு ஒத்துவராது. கோதாவரிப் பாசனத்தில் விளைவது மலபாரின் அடைமழையில் நிற்காது. அதனால் 1922-இல் ஆடுதுறை, 1925-இல் மாருட்டேறு, 1927-இல் பட்டாம்பி, 1937-இல் அம்பாசமுத்திரம் என்று வட்டாரத்துக்கு ஒரு நிலையம் வந்தது. அந்த வரிசையில் 1942-இல் திரூர் நிலையம் தொடங்கியது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோன ஆண்டு அது. சொந்த மண்ணில் விளைந்தால்தான் சோறு என்ற நிலை.

இந்த நிலையங்கள் வெளியிட்ட ரகங்களுக்கு ஊர்ப் பெயரே முதலெழுத்தானது. ஏ.டி.டி. ஆடுதுறை, ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம், டி.கே.எம். திரூர்க்குப்பம்.

திரூர் இருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஆற்றுத் தண்ணீரை நம்பிய தஞ்சைபோல இங்கே பட்டம் தவறாமல் நடவு நடக்காது. ஏரி நிரம்பினால் சம்பா. தண்ணீர் மிஞ்சினால் நவரை. கிணறு இருப்பவருக்குச் சித்திரையில் சொர்ணவாரி. மழை பிந்தும் பகுதிகளில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் அதையே சேற்றுப் பயிராக மாற்றிக்கொள்வார்கள். இப்படி மாறி மாறி வரும் பட்டங்களுக்குத் தாங்கும் நெல்லைத் தேடித் தருவது திரூர் நிலையத்துக்கு விதிக்கப்பட்ட வேலை.

தாயும் தந்தையும்

டி.கே.எம். 6-இன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. அந்த மூன்று எழுத்துகள் ஒரு பதவியின் பெயர்: அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர். அந்தப் பதவியில் இருந்த எஃப்.ஆர். பார்னெல் காலத்தில் கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1921-இல் வெளியான நெல் அது. கோணமணி என்ற நாட்டு நெல்லில் தானாக நேர்ந்த ஒரு மாற்றத்திலிருந்து அது வந்தது. சன்னமான அரிசி, நல்ல சோறு. உழவர்கள் அதைக் கிச்சிலி சம்பா என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரிலேயே இன்றும் அதை விரும்பிப் பயிரிடுபவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பெற்றோர் கோ 18. அதுவும் கோயம்புத்தூரில் தேர்வானதுதான்.

இரண்டு நெல்லைச் சேர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். நெல் தன் மகரந்தத்தாலேயே தான் சூல்கொள்ளும் பயிர். ஒவ்வொரு பூவும் உமிக்குள் ஆறு மகரந்தப்பைகளை வைத்திருக்கிறது. பூ விரிவதற்கு முன்பே, உமியின் நுனியைக் கத்தரித்து, மெல்லிய இடுக்கியால் அந்த ஆறையும் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் இறகுபோல் நிற்கும் சூலகமுடியில் இடுக்கி பட்டுவிட்டால் அந்தப் பூ வீண். எடுத்து முடித்த கதிரைக் காகித உறையால் மூடி, உறையில் விவரம் எழுதிக் கட்ட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறி, ஒன்பது பத்து மணிவாக்கில் தந்தை ரகம் பூக்கும் நேரம் பார்த்து, அந்தக் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் மெல்ல உதற வேண்டும். நெல்லின் மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடம்தான். காற்றடித்தாலும் மழை தூறினாலும் அன்றைய வேலை போச்சு. இத்தனைக்கும் பிறகு ஒரு கதிரில் சில மணிகள் பிடிக்கும். உமி கத்தரிக்கப்பட்டதால் பாதி திறந்தபடி, மெலிந்து கிடக்கும் மணிகள்.

அந்தச் சில மணிகளை விதைத்து, அதன் விதையை விதைத்து, பிரிந்து வரும் ஆயிரக்கணக்கான செடிகளில் வேண்டியதை நிறுத்தி, வேண்டாததைக் கழித்து, எல்லாச் செடியும் ஒன்றுபோல் வரும்வரை ஆறேழு தலைமுறை கடக்க வேண்டும். அந்த ஆண்டுகள் முழுக்க வயலில் குனிந்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேலாளர், களப்பணியாளர், நாற்றுப் பறித்த பெண்கள், கதிருக்குச் சீட்டுக் கட்டியவர்கள் என்று பலரின் கை அதில் இருக்கிறது. 1952-இல் அந்த உழைப்பு டி.கே.எம். 6 என்ற பெயரில் உழவர் கைக்கு வந்தது. குறுகிய வயது, வெள்ளை அரிசி, உயரமான பயிர்.

பூச்சி தொடாத பயிர்

நெல் வயலில் இறங்கியவர்களுக்குத் தண்டுத் துளைப்பான் எனப்படும் குருத்துப்பூச்சியைத் தெரியாமல் இருக்காது. அந்துப்பூச்சி இலையில் முட்டைக் குவியலை இட்டு, அதைத் தன் பழுப்பு மயிரால் மூடிவிட்டுப் போகும். பொரித்து வரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே போய், குருத்தை அடியில் அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தூர் பச்சையாகவே இருக்கும். நடுக்குருத்து மட்டும் வாடித் தொங்கும். இரண்டு விரலால் இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். கதிர் வரும் நேரத்தில் தாக்கினால் கதிர் முழுக்க வெளுத்து நிமிர்ந்து நிற்கும், ஒரு மணிகூடப் பிடித்திருக்காது. புழு தண்டுக்குள் இருப்பதால் மருந்து அடித்தாலும் எளிதில் எட்டாது.

டி.கே.எம். 6 இந்தப் பூச்சியைத் தாங்கியது. இதன் பெருமையை உலகம் அறிந்தது 1960-களில், பிலிப்பைன்ஸில்.

1960-இல் லாஸ் பான்யோஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள நெல் ரகங்களை அங்கே கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். இந்திய நிலையங்களிலிருந்து போன விதைகளில் டி.கே.எம். 6-உம் ஒன்று. அந்த நிறுவனத்தில் பூச்சியியல் அறிஞராக இருந்த எம்.டி. பதக் என்ற இந்தியர், சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான ரகங்களை வரிசையாக நட்டு, தண்டுத் துளைப்பானை அவற்றின்மேல் விட்டுச் சோதித்தார். தாங்கி நின்ற சிலவற்றில் திரூர் நெல் முன்னணியில் இருந்தது. அந்துப்பூச்சிகள் அதில் குறைவாகவே முட்டையிட்டன. இட்டு, பொரித்து, உள்ளே போன புழுவும் சரியாக வளரவில்லை. திரூரில் யாரும் கண்ணாடிக் கூண்டில் வைத்துச் சோதிக்கவில்லை. வயலில் செய்த தேர்வு அது.

ஐ.ஆர். 20 ஆகித் திரும்பியது

அந்த நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 உலகப் புகழ் பெற்றது. குட்டையான பயிர், உரம் போட்டால் சாயாது, விளைச்சல் அதுவரை யாரும் காணாதது. ஆனால் அரிசி பருமன், சோறு ஆறினால் விறைக்கும். தண்டுத் துளைப்பானும் பாக்டீரியா இலைக்கருகல் நோயும் அதைச் சுலபமாகத் தாக்கின. டி.கே.எம். 6-க்கோ நேரெதிர் குணம். பூச்சியைத் தாங்கும், அரிசி சன்னம். ஆனால் உயரமானதால் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். ஒன்றின் குறை மற்றதன் நிறைவு.

லாஸ் பான்யோஸில் ஒரு குட்டை வழியோடு டி.கே.எம். 6-ஐச் சேர்த்தார்கள். பிறந்தது ஐ.ஆர். 20. அங்கே 1969-இல் வெளியானது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தது. ஐ.ஆர். 8 அரிசியைச் சமைக்கத் தயங்கிய வீடுகள் ஐ.ஆர். 20-ஐ ஏற்றுக்கொண்டன. சம்பாவிலும் தாளடியிலும் பல பத்தாண்டுகள் அதுவே முதன்மை ரகமாக நின்றது. அதன் பெயரைச் சொல்லி இட்லி அரிசி விற்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஆங்கில எழுத்தும் எண்ணும் தாங்கி வந்ததால் அதை வெளிநாட்டு நெல் என்றே நம் மக்கள் நினைத்தார்கள். அதன் பெற்றோரில் ஒன்று திருவள்ளூர் நெல், அதன் பாட்டி கிச்சிலி சம்பா.

இந்தியாவுக்குள்ளேயும் இந்த விதை பயணம் செய்தது. கட்டாக்கில் 1946-இல் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் போனவர், கோயம்புத்தூர் நெல் நிலையத்தில் வளர்ந்த கே. இராமையா. அந்தக் கட்டாக்கில் டி.கே.எம். 6-ஐ ஐ.ஆர். 8-உடன் சேர்த்து ரத்னா என்ற ரகத்தை உருவாக்கினார்கள். சாகேத் 4 ரகமும் அதே சேர்க்கையில் பிறந்தது. ஒடிசாவின் பாரிஜாத் ரகத்துக்கும் டி.கே.எம். 6 பெற்றோர். வடக்கிலும் கிழக்கிலும் லட்சக்கணக்கான உழவர்கள் அறியாமலேயே திரூருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

உள்ளே மறைந்திருந்த காவல்

1973 வாக்கில் தென்கிழக்கு ஆசியாவில் புகையான் கிளம்பியது. தூரின் அடியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி. வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து போகும். மேலும் மேலும் மருந்து அடித்தவர்கள், அதைத் தின்னும் சிலந்திகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்று, தொல்லையைப் பெருக்கிக்கொண்டார்கள்.

இங்கேதான் டி.கே.எம். 6-இன் கதையில் வியப்பான ஒரு திருப்பம் வருகிறது. புகையானுக்கு டி.கே.எம். 6 தாங்காது. ஆனால் அதை வேறு தாங்காத ரகத்தோடு சேர்த்தபோது பிறந்த பிள்ளைகளில் சில புகையானைத் தாங்கி நின்றன. தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? மார்ட்டினஸ், குர்தேவ் குஷ் என்ற இருவர் 1974-இல் இதற்கு விடை சொன்னார்கள். புகையானை எதிர்க்கும் மரபணு டி.கே.எம். 6-க்குள் இருக்கிறது, அதை வெளிப்படவிடாமல் அடக்கும் இன்னொரு மரபணுவும் கூடவே இருக்கிறது. சேர்க்கையில் இரண்டும் பிரிந்துபோகும் பிள்ளைகளில் எதிர்ப்பு வெளியே தெரிகிறது. ஐ.ஆர். 24-ஐயும் டி.கே.எம். 6-ஐயும் சேர்த்துப் பிறந்த ஐ.ஆர். 26 இப்படித்தான் புகையானைத் தாங்கும் ரகமாக 1973-இல் வெளியானது. திரூரில் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தக் குணத்தைத் தேடவே இல்லை. அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவும் முடியாது.

புகையானும் சும்மா இருக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே ஐ.ஆர். 26-ஐத் தின்னப் பழகிய புதுக் கூட்டம் உருவானது. அதற்கு மறுமொழியாக 1976-இல் வந்தது ஐ.ஆர். 36. உத்தரப் பிரதேசத்தின் காட்டு நெல் ஒன்று உட்பட பல நாட்டு நெல்கள் கலந்த ரகம் அது. அந்தக் கலவையிலும் டி.கே.எம். 6 இருந்தது. 1980-களில் ஐ.ஆர். 36 சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது. அதுவரை எந்த ஒரு நெல் ரகமும் அத்தனை பரப்பில் விளைந்ததில்லை. 1985-இல் வெளியான ஐ.ஆர். 64-இன் வம்சாவளியிலும் இதே வழி வருகிறது. அதுவும் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பரவியது. ஐ.ஆர். ரகங்களை உருவாக்கியதில் முன்னின்ற குர்தேவ் குஷ், ஹென்றி பீச்செல் இருவரும் 1996-இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்கும் எக்ஸ்.ஏ.4 என்ற மரபணுவும் டி.கே.எம். 6 கொடுத்த சொத்துதான். ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64 எல்லாம் அதைத் தாங்கியவை. நோய்க் கிருமியில் சில வகைகள் பிற்பாடு அதை மீறிவிட்டன. ஆனாலும் நெல் இனப்பெருக்கம் செய்பவர்கள் அதைக் கைவிடவில்லை. ஏன் என்று 2017-இல் சீன ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த மரபணு செல்லின் சுவரையே கெட்டிப்படுத்துகிறது. நோயை எதிர்ப்பதோடு, தண்டுக்கும் வலுவூட்டிப் பயிரைச் சாயாமல் காக்கிறது. திரூர் வயலில் 1952-இல் வெளியான நெல்லில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உலகத்துக்கு அறுபத்தைந்து ஆண்டு ஆயிற்று.

பிறந்த வீடு இன்று

டி.கே.எம். 6-ஐ அனுப்பிவிட்டுத் திரூர் ஓய்ந்துவிடவில்லை. போன விதைக்குப் பதிலாக வந்த விதையையும் அது பயன்படுத்திக்கொண்டது. டி.கே.எம். 7-உடன் ஐ.ஆர். 8-ஐச் சேர்த்து 1978-இல் டி.கே.எம். 9 என்ற சிவப்பு அரிசி ரகத்தை வெளியிட்டது. 2015-இல் வந்த டி.கே.எம். 13 சன்ன அரிசி ரகம். ஆந்திரப் பொன்னி என்று அழைக்கப்படும் பி.பி.டி. 5204-க்கு மாற்றாக உழவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நிலையம் இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் திரூரிலேயே இருக்கிறது.

புது ரகம் வெளியிடுவதைவிடக் கடினமான, யாரும் கைதட்டாத ஒரு வேலையை இத்தகைய நிலையங்கள் ஆண்டுதோறும் செய்கின்றன. ரகத்தைக் கலப்பில்லாமல் காப்பது. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கதிரின் மணியையும் தனித்தனி வரிசையாக நட்டு, ஒரு வரிசையில் ஒரு செடி நிறம் மாறினாலும், நான்கு நாள் முந்திப் பூத்தாலும் அந்த வரிசையையே பிடுங்கி எறிவார்கள். மிஞ்சிய தூய விதைதான் மஞ்சள் சீட்டுக் கட்டிய வல்லுநர் விதையாகிறது. அதிலிருந்து வெள்ளைச் சீட்டு ஆதார விதை; அதிலிருந்து உழவர் வாங்கும் நீலச் சீட்டு சான்று விதை. நீலச் சீட்டு மூட்டையைப் பிரிக்கும் உழவருக்கு முளைப்பும் தூய்மையும் உறுதி என்றால், அதன் வேர் இந்த வரிசைகளில் இருக்கிறது. தொடர் முதல் கண்ணியில் அறுந்தால் பிறகு ஊரெல்லாம் கலவன்தான்.

டி.கே.எம். 6-இன் வாழ்க்கை எனக்கு உறுதியாகச் சொல்வது ஒன்று. வட்டார ஆராய்ச்சி நிலையத்தை அது வெளியிட்ட ரகம் எத்தனை ஏக்கரில் விளைகிறது என்று மட்டும் எண்ணி மதிப்பிடக் கூடாது. அந்தக் கணக்குப்படி டி.கே.எம். 6 என்றோ முடிந்துபோன ரகம். ஆனால் அது உள்ளூர் நிலத்துக்காகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, பெற்றோர் யார் என்ற பதிவோடு பாதுகாக்கப்பட்டது, கேட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றும் நடந்ததால்தான் கேள்வி எழுந்தபோது விடை அந்த விதைக்குள் தயாராக இருந்தது. நாளைய வறட்சிக்கும், உப்பேறும் நீருக்கும், இன்னும் பெயர் வைக்கப்படாத நோய்க்குமான விடைகள் இன்றைக்கு ஏதோ ஒரு நிலையத்தின் விதைக் கிடங்கில், சீட்டுக் கட்டிய ஒரு பையில் இருக்கலாம். அந்தப் பை ஈரம் பட்டு வீணானால், அதன் பதிவேட்டைப் படிக்க ஆள் இல்லாமல் போனால், இழப்பு என்னவென்றுகூட நமக்குத் தெரியாது.

திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் நெல் வயல்கள் வீட்டு மனைகளாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் சூழலில் ஆராய்ச்சி நிலையத்தின் ஒவ்வோர் ஏக்கரும் ஆராய்ச்சிக்கே நிலைக்க வேண்டும். பணியிடம் காலியானால் உடனே நிரப்ப வேண்டும்; ஒரு ரகத்தை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்போது, நடுவில் இரண்டு ஆண்டு ஆள் இல்லாவிட்டால் தொடர் அறுந்துவிடும். விதை மூட்டையின் சீட்டில் ரகத்தின் பெயரோடு அது பிறந்த நிலையத்தையும் அதன் பெற்றோரையும் அச்சிடலாம். செலவு அதிகமில்லை, உழவருக்கு அது உரிமையான செய்தி. உழவர்களிடம் கேட்பது ஒன்றே: உங்கள் வட்டார நிலையத்துக்குப் போங்கள், விதை வாங்குங்கள், உங்கள் வயலில் எது நின்றது, எது விழுந்தது என்பதை அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள். டி.கே.எம். 6 பிறந்தது அப்படிப்பட்ட கவனத்தில்தான்; அடுத்த டி.கே.எம். நெல்லும் அதில்தான் பிறக்கும்.